காப்டன் லின்னேயஸ் டிரைப்

வேலூர்க் கோட்டைக்குக் கிழக்கேயுள்ள குன்றின்மேல் ஏறி நின்று நோக்குவோமாயின், அகழி சூழ்ந்த மதிலும், சலகண்டேசுவரர் ஆலயத்துக் கோபுரமும், நகரத்து மாடிகளும் ஒருங்கே தோன்றும். அக்காட்சியை நொடிப்பொழுதிற் படமாக்குதல் இன்று எவர்க்கும் எளிது. அஃது அருந்தவம் போன்றிருந்த காலத்தில் நம் நாட்டுக் கட்டடங்களைப் படம்பிடித்தவர் காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பார்.

இவர் பின்னாளில் டெவன்போர்ட் எனப் பெயர்பெற்ற ஆங்கிலத் துறைமுக நகரில் 1822-ஆம் ஆண்டு பிறந்தார். 1838-இல் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சென்னைப் படையிற் சேர்ந்தார். விடுமுறையில் தாய்நாடு சென்றபோது புகைப்படக் கலையில் ஈடுபட்டு, 1853-இல் லண்டன் புகைப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். மீண்டு வந்து ஹளேபீடு, பேலூர் ஆலயங்களைப் படமெடுத்தார். 1855-இல் பர்மிய மன்னரிடம் சென்ற தூதுக்குழுவுடன் சென்று திரும்பினார். 1857-இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராகப் பணி தொடங்கினார்.

அவ்வாண்டு டிசம்பரில் தென்னாட்டுப் பயணம் தொடங்கிற்று. இராயக்கோட்டை மலை, திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய இடங்களுக்கெல்லாம் கருவிகள் மாட்டு வண்டிகளிற் சென்றன. கண்ணாடித் தகட்டை ஈரம் உலருமுன் அவ்விடத்திலேயே பக்குவஞ் செய்தல் வேண்டும். ஆதலின் பெரும் படங்களுக்கு மெழுகூட்டிய காகிதத்தையே இவர் கைக்கொண்டார். அக்காகிதம் ஏறக்குறைய 15 அங்குல அகலமுடையது. ஒளி பதிய நெடுநேரம் வேண்டியிருந்தமையால் நடமாடும் மாந்தர் படத்திற் பதியார். கல்லும் மதிலுமே நிலைத்து நிற்கும். இராயக்கோட்டையில் மலையுச்சிக்கே கருவியைக் கொண்டேற்றி, கீழே பரந்த நிலத்தைப் படமாக்கினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். படைவீரரின் ஒழுங்கும் கலைஞரின் கண்ணும் அதில் ஒன்றுபட்டன.

ஆயினும் இவர் முயற்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் அரசாங்கத்தின் பொருள்நிலை நெருக்கடியுற்றிருந்தது. 1859-இல் சென்னைக் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவலியன், இப்பணி ஆடம்பரச் செலவென்று கருதி நிறுத்திவிட்டார். அதன்பின் டிரைப் படமெடுத்தது மிகச் சிலவே. படைத்தொழிலையே தொடர்ந்து, ஓய்வுபெற்று, 1902-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் நாள் பிறந்த ஊரிலேயே காலமானார்.

சிக்கனம் நாடிய கவர்னரைப் பழிப்பதற்கில்லை. ஆனால் ஆடம்பரம் எது, இன்றியமையாதது எது என்பதைக் காலமே காட்டிற்று. மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையை டிரைப் படமெடுத்தபோது அது சிதைந்து கிடந்தது. நேப்பியர் பிரபு கவர்னராயிருந்த 1866-க்கும் 1872-க்கும் இடைப்பட்ட காலத்திலேயே அது புதுப்பிக்கப்பெற்றது. அதன் பழைய நிலையை நாம் கண்ணாரக் காண்பது இவர் படங்களால் அன்றோ? 2014, 2015-ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களிலும் இவருடைய படங்கள் காட்சிக்கு வைக்கப்பெற்றன.

நம் ஊர்ப் பழைய வீடுகளும் மண்டபங்களும் ஆண்டுதோறும் மறைந்துவருகின்றன. குன்றேறும் மாணவ நண்பர்கள் ஒரு படமேனும் பொறுமையுடன் எடுத்து, இடமும் நாளும் குறித்து வைப்பார்களாக. இன்று வீண்செலவாகத் தோன்றுவது பின்வருவோர்க்குச் சான்றாகலாம்.