மனநோய்க்கு வழி திறந்த கப்பற்படை சர்ஜன்



மலருக்குக் கட்டுரை கேட்டதும் பாலம், கான்கிரீட் என்று ஏதாவது எழுதித் தரலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் பல வருடமாக மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். வேளாவேளைக்கு எடுத்துக் கொடுக்கிறவன் நான். இந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோது கிடைத்தவர்தான் ஆன்ரி லபோரி. அவர் கதை தெரிந்தால், மாத்திரை சாப்பிடுகிறவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதும் பாதி தெரிந்துவிடும்.

லபோரி பிரெஞ்சுக்காரர். 1914 நவம்பர் 21 அன்று வியட்நாமின் ஹனோய் நகரில் பிறந்தார். நம் காரைக்காலைப் போல அப்போது அதுவும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். தகப்பனார் காலனி ராணுவத்தில் டாக்டர். மகனுக்கு ஐந்து வயதாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். பன்னிரண்டு வயதில் பையனுக்குக் காசநோய் வேறு. அதிலிருந்து மீண்டு, போர்தோ நகரின் கப்பற்படை மருத்துவப் பள்ளியில் படித்து டாக்டரானார். 1940 மே மாதக் கடைசியில், டன்கர்க்கிலிருந்து படைகளை ஏற்றிவந்த சிரோக்கோ போர்க்கப்பலில் அவர் இருந்தார். ஜெர்மானியர் அதை டார்பிடோவால் மூழ்கடித்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மாண்ட அந்த இரவில் லபோரி உயிர் தப்பினார்.

பிறகு சர்ஜன் ஆனார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தும் சில நோயாளிகள் அதிர்ச்சி நிலைக்குப் போய் இறந்துவிடுவது அவர் மனதை அரித்தது. அடிபட்ட உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள அளவுக்கு மீறிப் போராடுகிறது, அந்தப் போராட்டமே ஆளைக் கொன்றுவிடுகிறது என்று அவர் கருதினார். துனிசியாவில் பிசெர்த் கப்பற்படை மருத்துவமனையில் இருந்தபோது, அலர்ஜி மருந்தான புரோமெதசினைக் கொடுத்துப் பார்த்தார். நோயாளிகள் பதற்றமில்லாமல் அமைதியாகக் கிடந்தார்கள்.

1951ல் பாரிஸின் வால் த கிராஸ் ராணுவ மருத்துவமனையில், மயக்க மருந்து நிபுணர் பியேர் உகெனாருடன் சேர்ந்து இன்னும் ஒரு படி மேலே போனார். மருந்து கொடுத்து உடம்பின் தெர்மோஸ்டாட்டைத் தளர்த்துவது, ஐஸ்கட்டி வைத்துச் சூட்டை இறக்குவது, அந்த நிலையில் ஆபரேஷன் செய்வது. இதுதான் அவருடைய செயற்கை உறக்க முறை. இதற்குப் பலமான மருந்து வேண்டும் என்றார். ரோன் புலாங்க் கம்பெனியில் பால் ஷார்பான்தியே 1950 டிசம்பரில் தயாரித்திருந்த குளோர்புரோமசின் அவர் கைக்கு வந்தது.

அதைப் போட்டுக்கொண்டவர்கள் நினைவோடுதான் இருந்தார்கள். ஆனால் சுற்றி நடப்பது எதுவும் அவர்களை உலுக்கவில்லை. இது மனநோய்க்கும் உதவும் என்று லபோரி மனநல டாக்டர்களிடம் எடுத்துச் சொன்னார். 1952 ஜனவரியில் அதே மருத்துவமனையில், கட்டுக்கடங்காத நிலையில் இருந்த 24 வயது இளைஞருக்கு வேறு சிகிச்சைகளோடு சேர்த்து அதைக் கொடுத்தார்கள். சுமார் மூன்று வாரத்தில் அவர் வீடு திரும்பினார். அதே வருடம் சேன்ட் ஆன் மருத்துவமனையில் ழான் தெலே, பியேர் தெனிக்கேர் இருவரும் அந்த மருந்தை மட்டுமே தனியாகக் கொடுத்துப் பலனை நிரூபித்தார்கள். பல வகையிலும் வேலை செய்கிற மருந்து என்ற பொருளில் லார்காக்டில் என்று பெயர் வைத்தார்கள்.

நண்பர்களே, விஷயம் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. சர்ஜன் விரும்பித் தேடிய குணங்கள்தான் இன்று நர்ஸ் கவலையோடு கவனிக்கும் பக்கவிளைவுகள்.

இந்த மருந்து பி.பி.யை இறக்கும். அதனால்தான் நர்ஸ் படுத்த நிலையில் ஒரு தடவை, நின்ற பின் ஒரு தடவை அளக்கிறார். வீட்டில் நாம் செய்ய வேண்டியது, நோயாளியைச் சட்டென்று எழவிடாமல், முதலில் உட்கார வைத்து, காலைத் தொங்கப் போடச் சொல்லி, பிறகு எழுப்புவது. உடம்பின் தெர்மோஸ்டாட்டும் தளரும், வியர்வை குறையும். பாரிஸில் ஐஸ்கட்டிக்குத் துணை போன அதே குணம், காரைக்காலின் கத்திரி வெயிலில் ஆபத்து. நிழல், தண்ணீர், காற்றோட்டம் கட்டாயம் வேண்டும். வெயில் பட்டால் தோலும் சீக்கிரம் வெந்துபோகும். கடும் காய்ச்சலோடு உடம்பு விறைத்து நினைவும் தடுமாறினால், அடுத்த வேளை மாத்திரை கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

இன்னொன்று, மூளையில் டோபமைனைத் தடுப்பதால் வருவது. 1958ல் பெல்ஜியத்தில் பால் யான்சென் குழு உருவாக்கிய ஹாலோபெரிடாலில் இது அதிகம். முதல் சில நாட்களில் கழுத்து இழுத்துக்கொள்ளும், கண் மேலே செருகும். பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் மாற்று மருந்து கொடுத்தால் சீக்கிரம் சரியாகும். சிலர் ஒரு இடத்தில் உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருப்பார்கள். நோய் முற்றிவிட்டது என்று நினைத்து மருந்தைக் கூட்டினால் தவிப்பும் கூடும். அது நோயா, மருந்தா என்று பிரித்துச் சொல்ல, பக்கத்திலிருந்து பார்க்கிறவரின் கண்தான் டாக்டருக்கு உதவி. வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு வாய் தானாக அசைபோட ஆரம்பித்தால் அதையும் உடனே சொல்ல வேண்டும். மலச்சிக்கல், வாய் வறட்சி எல்லாம் சின்ன விஷயம் என்று விடக்கூடாது. மாத்திரையை விழுங்கினாரா என்று பார்க்க வேண்டும். நன்றாகிவிட்டது என்று நாமாக நிறுத்தவும் கூடாது.

1957ல் லபோரிக்கு அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது. சர்ப்பகந்தியை ரத்தக் கொதிப்புக்குப் பயன்படுத்திக் காட்டிய மும்பை டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீலும் அதே வருடம் லாஸ்கர் விருது பெற்றார் என்பது நமக்குப் பெருமை. லபோரி பிற்காலத்தில் மனித நடத்தை பற்றி நிறைய எழுதினார். 1980ல் அலன் ரெனே எடுத்த சினிமாவிலும் தானாகவே தோன்றினார். 1995 மே 18 அன்று காலமானார்.

மருந்தைக் கொடுத்தது அவர். அதன் பிறகு உள்ள வேலை நர்ஸுடையது, நம்முடையது. நம் குடும்பங்களில் மனநோய் இருந்தால் கதவைச் சாத்தி மறைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. மறைத்து வைத்தால் பி.பி. பார்க்க யாரும் இல்லை, கழுத்து இழுத்தால் கேட்க யாரும் இல்லை. தம்பி தங்கைகளே, ஹாஸ்டலில் கூடப் படிக்கிறவர் இப்படி மாத்திரை சாப்பிட்டால் கிண்டல் வேண்டாம். தண்ணீர் குடித்தாயா, வெயிலில் நிற்கிறாயே என்று கேளுங்கள். அதுவும் வைத்தியம்தான்.