பல் இடுக்கில் ஓர் உலகைக் கண்டவர்

குழந்தைகளே! நாம் தினமும் பல் துலக்குகிறோம். அப்படித் துலக்கி எதை நீக்குகிறோம்? பற்களில் வழவழப்பாக ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைப் படிவில் என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்கு முதன்முதலில் விடை கண்டவர் மருத்துவரும் அல்ல, பேராசிரியரும் அல்ல. ஒரு துணிக்கடைக்காரர்! அவர் பெயர் ஆண்டன் வான் லூவன்ஹாக்.

நெதர்லாந்து நாட்டில் டெல்ஃப்ட் என்னும் ஊரில் 1632ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை கூடை முடையும் தொழில் செய்தவர். ஆண்டனுக்கு ஐந்து வயதானபோது தந்தை இறந்துவிட்டார். பல்கலைக்கழகம் சென்று படிக்கும் வாய்ப்பு ஆண்டனுக்குக் கிடைக்கவில்லை. 16ஆம் வயதில் ஆம்ஸ்டர்டாம் நகருக்குச் சென்று, ஒரு துணி வியாபாரியிடம் வேலை பழகினார். 1654இல் சொந்த ஊர் திரும்பி, திருமணம் செய்துகொண்டு, சொந்தமாகத் துணிக்கடை வைத்தார்.

அக்காலத் துணி வியாபாரிகள் துணியின் தரத்தை அறிய, நூலிழைகளை உருப்பெருக்கும் கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். மற்றவர்கள் இழையைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். லூவன்ஹாக்கோ தாமே கண்ணாடி வில்லைகள் செய்யக் கற்றுக்கொண்டார். கடுகு போன்ற சிறிய வில்லையை இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே பொருத்தி, கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் பார்த்தார். அவர் செய்தவற்றில் இன்று எஞ்சியிருக்கும் சிறந்த கருவி, பொருள்களைச் சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது!

தேனீயின் கொடுக்கு, பேன், பூஞ்சை என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஆராய்ந்தார். கண்டவற்றை 1673 முதல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிஞர் சங்கத்துக்குக் கடிதமாக எழுதினார். அறிஞர்களின் மொழியான லத்தீன் அவருக்குத் தெரியாது. தம் தாய்மொழியான டச்சு மொழியிலேயே எழுதினார். நீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நீந்துவதாக 1676இல் அவர் எழுதியபோது பலர் நம்பவில்லை. மறு ஆண்டு ராபர்ட் ஹூக் என்ற அறிஞர் தாமே சோதித்துப் பார்த்து, அது உண்மைதான் என்று உறுதிப்படுத்தினார். 1680இல் அந்தச் சங்கம் லூவன்ஹாக்கை உறுப்பினராக ஏற்றது.

இனித்தான் பல்லின் கதை வருகிறது. லூவன்ஹாக் தினமும் காலையில் உப்பினால் பற்களைத் தேய்ப்பார். வாய் கொப்பளிப்பார். கடைவாய்ப் பற்களைக் குச்சியால் சுத்தம் செய்து, துணியாலும் துடைப்பார். ஐம்பது வயதிலும் அவர் பற்கள் பளிச்சென்று இருந்தன. ஆனாலும் உருப்பெருக்கும் கண்ணாடியில் பார்த்தபோது, பல் இடுக்குகளில் குழைத்த மாவு போல ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதைச் சிறிது எடுத்து, மழைநீரில் கலந்து பார்த்தார். உள்ளே மிகச் சிறிய உயிர்கள் துள்ளி ஓடின! சில அம்பு போலப் பாய்ந்தன. சில பம்பரம் போலச் சுழன்றன. இதுவரை பல்லே துலக்காத ஒரு முதியவரின் படிவையும் வாங்கிப் பார்த்தார். அதில் உயிர்கள் மொய்த்துக் கிடந்தன. 1683 செப்டம்பர் 17ஆம் நாள் இவற்றையெல்லாம் லண்டனுக்கு எழுதினார். இன்று நாம் பாக்டீரியா என்று சொல்லும் உயிர்கள்தாம் அவை.

அவர் அதோடு விடவில்லை. காரமான வினிகரால் வாய் கொப்பளித்துவிட்டு மீண்டும் சோதித்தார். பல் இடுக்கில் இருந்த உயிர்கள் சாகவில்லை. ஆனால் அந்தப் படிவை வெளியே எடுத்து, அதில் வினிகரைக் கலந்ததும் அவை அசைவற்றுப் போயின. வினிகர் படிவின் மேற்புறத்தில் இருந்தவற்றை மட்டுமே கொன்றது, உள்ளே புகவில்லை என்று அவர் புரிந்துகொண்டார்.

அந்த உயிர்களால் பல் சொத்தையாகும் என்பது அவருக்குத் தெரியாது. நாம் உண்ணும் இனிப்பையும் மாவுப்பொருளையும் வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அமிலமாக மாற்றுகின்றன, அந்த அமிலமே பல்லை அரிக்கிறது என்பதை 1890இல் வில்லோபி மில்லர் என்ற பல் மருத்துவர் விளக்கினார்.

லூவன்ஹாக் கடைசிக் காலம் வரை ஆராய்ந்துகொண்டே இருந்தார். ரஷ்யப் பேரரசர் பீட்டர் 1698இல் அவரைச் சந்தித்து, அவருடைய கருவிகளைப் பார்த்து வியந்தார். 1723 ஆகஸ்ட் 26ஆம் நாள், தமது 90ஆம் வயதில் லூவன்ஹாக் காலமானார்.

அவருடைய வினிகர் சோதனை நமக்கும் ஒரு பாடம். வெறுமனே வாய் கொப்பளித்தால் போதாது. படிவைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். அவரிடம் இருந்தவை உப்பும் துணியும் குச்சியும்தான். நமக்கோ நல்ல பிரஷ் கிடைக்கிறது.

உங்கள் வாய்க்கு ஏற்ற சிறிய தலையுடைய பிரஷ்ஷாகப் பார்த்து வாங்குங்கள். கடைசிப் பல் வரை அது போக வேண்டும். இழைகள் மென்மையாக இருக்கட்டும். முரட்டு இழைகள் ஈறைப் புண்ணாக்கும். பட்டாணி அளவு பேஸ்ட் போதும். பல்லும் ஈறும் சேரும் இடத்தில்தான் படிவு அதிகம் தங்கும். அங்கே பிரஷ்ஷைச் சற்றுச் சாய்த்து வைத்து, மெதுவாகச் சிறிது சிறிதாக அசைத்துத் துலக்குங்கள். ரம்பம் அறுப்பது போல அழுத்தி இழுக்கக் கூடாது. பற்களின் வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு ஆகிய மூன்றையும் துலக்க வேண்டும். முன்பற்களின் உட்புறத்துக்குப் பிரஷ்ஷை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் இரண்டு நிமிடம் ஆகும். காலையில் ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை துலக்குங்கள். தூங்கும்போது உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால், இரவில் துலக்குவது மிக மிக அவசியம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷை மாற்றுங்கள். அதற்கு முன்பே இழைகள் விரிந்துவிட்டால் உடனே மாற்றிவிடுங்கள்.

இன்று இரவு துலக்கி முடித்ததும், கடைவாய்ப் பற்களின் உட்புறத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். இன்னும் வழவழப்பாக இருந்தால் லூவன்ஹாக் கண்ட அந்தக் கூட்டம் அங்கேயே இருக்கிறது என்று பொருள். மறுபடியும் பிரஷ்ஷை எடுங்கள்!