பிரபீர் சென்

பிரபீர் குமார் சென் (மே 31, 1926 - சனவரி 27, 1970) இந்தியத் துடுப்பாட்ட வீரரும் வங்காள அணியின் விக்கெட் காப்பாளரும் ஆவார். கோகன் சென் என்றும் அழைக்கப்பட்டார். 14 தேர்வுப் போட்டிகளில் விளையாடி 20 பிடிகளையும் 11 ஸ்டம்பிங்குகளையும் செய்தார். மட்டையாளராக அவர் எடுத்தவை 165 ஓட்டங்களே.

தற்போது வங்காளதேசத்தில் உள்ள கொமில்லாவில் பிறந்தார். 1947-48 ஆத்திரேலியப் பயணத்தின் முதல் இரு தேர்வுப் போட்டிகளில் ஜம்ஷெட் இரானி விக்கெட் காப்பாளராக இருந்தார். 1948 சனவரி 1இல் மெல்பேர்ணில் தொடங்கிய மூன்றாம் போட்டியில் அவ்விடம் 21 வயதான சென்னுக்குக் கிடைத்தது.

காக்கும் முறை

அடிபந்தாட்டத்தில் (பேஸ்பால்) மட்டையாளருக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் பிடிப்பாளர், மண்ணில் குத்தி எழும் பந்தை முழங்காலிட்டு மார்புக் கவசத்தால் தடுப்பார். பந்து தம்மைக் கடந்து செல்லாமல் முன்னே விழுந்தாலே போதும். துடுப்பாட்டத்தில் வேகப் பந்துக்குப் பின்வாங்கி நிற்கும் காப்பாளரும் ஓரளவு அவ்வாறு சமாளிக்கலாம். சுழற்பந்துக்கு அது போதாது. குச்சிகளை ஒட்டிக் குந்தியிருந்து, விரல்களைத் தரை நோக்கி வைத்து, பந்து குத்தி எழும்போது அதனுடன் சேர்ந்தே எழ வேண்டும். முன்னதாக எழுந்தால் தாழ்ந்து வரும் பந்து கையுறைக்கு அடியில் சென்றுவிடும். உடலால் தடுத்தால் உதிரி ஓட்டங்கள் மிச்சமாகும். ஸ்டம்பிங் வாய்ப்போ பெரும்பாலும் கைநழுவிவிடும். வினூ மன்காட்டின் இடக்கைச் சுழலுக்குச் சென் இவ்வாறு நின்றார். அக்காலக் காப்பாளர்களுக்குத் தலைக்கவசமும் இல்லை.

சேப்பாக்கம், 1952

பிப்ரவரி 1952இல் சென்னை சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக நடந்த போட்டி இந்தியாவின் 25ஆவது தேர்வுப் போட்டி. அதுவரை இந்தியா ஒன்றில்கூட வென்றதில்லை. முதல் இன்னிங்சில் 55 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளை மன்காட் வீழ்த்தினார். அவற்றுள் நான்கு சென்னின் ஸ்டம்பிங்குகள். டாம் கிரேவனியும் அணித்தலைவர் டொனால்ட் காரும் அவ்வாறே ஆட்டமிழந்தனர். இரண்டாம் இன்னிங்சில் சென் மேலும் ஒருவரை ஸ்டம்பிங் செய்தார். இந்தியா ஓர் இன்னிங்சும் 8 ஓட்டங்களும் வித்தியாசத்தில் வென்றது. இவ்வெற்றியைப் பற்றிப் பேசுவோர் மன்காட்டை நினைவுகூரும் அளவுக்குச் சென்னை நினைவுகூர்வதில்லை. ஒரே போட்டியில் ஐந்து ஸ்டம்பிங் என்ற இந்தியச் சாதனையை 1988இல் இதே மைதானத்தில் கிரண் மோரே ஆறாக உயர்த்தினார்.

பிற்காலம்

1952ஆம் ஆண்டுடன் சென்னின் தேர்வுப் போட்டி வாழ்க்கை முடிவுற்றது. வங்காளத்துக்காகத் தொடர்ந்து ஆடிய அவர், 1954-55 ரஞ்சிக் கோப்பையில் ஒரிசாவுக்கு எதிராகப் பந்து வீசி 'ஹாட்ரிக்' எடுத்தார். முழுநேர விக்கெட் காப்பாளர் ஒருவருக்கு இது மிக அரிய நிகழ்வு. 43ஆம் வயதில் கொல்கத்தாவில் காலமானார். அந்நகரின் பி. சென் நினைவுக் கோப்பை அவர் பெயரால் அமைந்தது.