பிரதமருக்கு இன்னொரு பெயர்!

குட்டீஸ்! தேனி மாவட்டத்தில் உள்ள குச்சனூரைத் தெரியுமா? சுரபி நதிக்கரையில் சுயம்பு சனீஸ்வரர் கோயில் இருக்கும் ஊர். கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பதால் இரண்டு பக்கமும் மலைகள்தான். திடீரென்று ஒருநாள் செல்போன் கோபுரங்கள் எல்லாம் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து மலையைத் தாண்டி, டெல்லியில் இருக்கும் ஒருவரோடு பேச முடியுமா?

முடியும்! தூக்கிச் செல்லக்கூடிய ஒரு சிறிய சிற்றலை வானொலிப் பெட்டி, ஒரு பேட்டரி, மரத்தில் இழுத்துக் கட்ட ஒரு நீளமான கம்பி. இவை போதும். சிற்றலைகள் மலையில் முட்டி நின்றுவிடுவதில்லை. வானத்தை நோக்கிப் போய், தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டருக்கு மேலே உள்ள 'அயனி மண்டலம்' என்ற மின்னேற்றம் பெற்ற காற்றடுக்குகளால் வளைக்கப்பட்டு, தொலைவில் மறுபடியும் தரைக்கு வந்துவிடும்.

இப்படிப் பேசுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களை 'ஹாம்' என்பார்கள். நம் நாட்டின் பிரதமர் ஒருவரும் ஒரு ஹாம்தான். அவர் யார் தெரியுமா? ராஜீவ் காந்தி!

ராஜீவ் 1944-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று மும்பையில் பிறந்தார். தாத்தா ஜவாஹர்லால் நேரு நாட்டின் முதல் பிரதமர். அம்மா இந்திரா காந்தியும் பின்னாளில் பிரதமரானார். ராஜீவுக்கோ அரசியலைவிட இயந்திரங்கள் மீதுதான் ஆசை. டேராடூனில் உள்ள டூன் பள்ளியில் படித்துவிட்டு, பொறியியல் படிக்க இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் சென்றார். பட்டம் பெறாமலேயே ஊர் திரும்பினார். ஆனால், விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தில் விமானியாகச் சேர்ந்தார்.

விமானிக்கு வானொலி இல்லாமல் வேலை நடக்காது. ஒரே அலைவரிசையைப் பல விமானங்கள் பகிர்ந்துகொள்ளும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசினால் இரண்டும் புரியாது. அதனால் விமானிகள் முதலில் கேட்பார்கள். பிறகு சுருக்கமாகப் பேசுவார்கள். பேசி முடித்ததும் மற்றவருக்கு வழி விடுவார்கள். ஹாம் வானொலிக்கும் இதே ஒழுங்குதான் அடிப்படை!

1970-களில் ராஜீவ் ஹாம் உரிமம் பெற்றார். ஹாம் வானொலியை ஆசைப்பட்டவுடன் யாரும் இயக்கிவிட முடியாது. மின்னணுவியலிலும் விதிமுறைகளிலும் அரசு நடத்தும் தேர்வில் தேற வேண்டும். புள்ளியும் கோடுமாக ஒலிக்கும் மோர்ஸ் சங்கேத மொழியும் அந்தக் காலத்துத் தேர்வில் உண்டு. தேறியவர்களுக்கு அரசு ஓர் அழைப்புப் பெயர் கொடுக்கும். உலகில் வேறு யாருக்கும் அதே பெயர் இருக்காது. ராஜீவுக்குக் கிடைத்த பெயர், வி.யு.2.ஆர்.ஜி. 'வி.யு.' என்றால் இந்தியா. 'ஆர்.ஜி.' அவர் பெயரின் முதல் எழுத்துகள். அவருடைய மனைவி சோனியாவும் உரிமம் பெற்றார். அவர் பெயர் வி.யு.2.எஸ்.ஓ.என்.

இரைச்சலில் எழுத்துகள் மாறிக் கேட்டுவிடக் கூடாது அல்லவா? அதற்காக ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல் உண்டு. அதன்படி ராஜீவின் பெயர், விக்டர் யூனிஃபார்ம் டூ ரோமியோ கோல்ஃப்! விமானிகள் பயன்படுத்துவதும் இதே சொற்களைத்தான். அதனால் அவருக்கு இது புதிதில்லை.

சரி, வானத்தில் லட்சக்கணக்கான பேர் பேசும்போது, ஒருவரை ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆடி மாதச் சனிக்கிழமைகளில் குச்சனூரில் கூட்டம் அலைமோதும். அங்கே போகும் குடும்பத்தார், பிரிந்துவிட்டால் ஆற்றங்கரையில் இந்த இடத்துக்கு வந்து நில் என்று குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள் அல்லவா? அதுபோல ஹாம்களும் சில இடங்களைப் பேசி வைத்திருக்கிறார்கள். அவைதான் அழைப்பு அலைவரிசைகள். குறைந்த சக்தியில் இயங்கும் சிறிய பெட்டிகளோடு மலைக்கும் காட்டுக்கும் போகிறவர்கள், மோர்ஸ் மொழியில் அழைக்க 14.060 மெகாஹெர்ட்ஸ் அருகே தேடுவார்கள். பேரிடர் காலத்தில் உதவி கேட்டு வருகிறவர்களுக்காக உலகெங்கும் காது கொடுக்கும் இடம் 14.300.

சந்தித்த இடத்திலேயே நின்று அரட்டை அடித்தால் என்ன ஆகும்? அடுத்து வருகிறவர் நிற்க இடம் இருக்காது. அதனால், அழைத்தவருக்குப் பதில் கிடைத்ததும் இருவரும் பக்கத்தில் காலியாக உள்ள வேறு அலைவரிசைக்குப் போய்விட வேண்டும்.

அழைப்பதற்கும் முறை உண்டு. முதலில் சிறிது நேரம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லையா? அப்போதும் அவசரப்படக் கூடாது. இந்த அலைவரிசையில் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டுக் காத்திருக்க வேண்டும். ஏனென்றால், நமக்குக் கேட்காத தூரத்தில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கலாம். பதில் வராவிட்டால், 'சி.க்யூ.' என்று சில முறை சொல்லித் தன் அழைப்புப் பெயரையும் சொல்ல வேண்டும். யாராவது பேச வாருங்கள் என்பதுதான் சி.க்யூ.வின் பொருள். ஊர் விட்டு ஊர் போய்ப் பேசுகிறவர்கள் தம் பெயரோடு 'போர்ட்டபிள்' என்றும் சேர்த்துக்கொள்வார்கள். ஒவ்வொரு முறை பேசி முடித்ததும் சற்று இடைவெளி விட வேண்டும். அவசரச் செய்தி உள்ளவர் உள்ளே வருவதற்கான வாசல் அது!

இதெல்லாம் வெறும் மரியாதைக்காகவா? இல்லை குட்டீஸ். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

1912 ஏப்ரல் 14 இரவு. டைட்டானிக் கப்பலின் வானொலி இயக்குநர் ஜாக் பிலிப்ஸ், பயணிகளின் தந்திகளை மும்முரமாகக் கரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அருகிலிருந்த கலிஃபோர்னியன் கப்பல், பனிக்கட்டிகளால் தாங்கள் நின்றுவிட்டதாகச் சொல்லக் குறுக்கிட்டது. வேலை கெடுகிறதே என்று அதை அவர் அடக்கிவிட்டார். கலிஃபோர்னியனின் இயக்குநர் சிறிது நேரத்தில் கருவியை நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டார். இரவு 11.40-க்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. பிலிப்ஸ் கடைசிவரை உதவி கேட்டு அழைத்துக்கொண்டே இருந்தார். பக்கத்துக் கப்பலில் கேட்க ஆள் இல்லை. பிலிப்ஸ் உட்பட சுமார் 1,500 பேர் இறந்தனர். அதன் பிறகுதான் கப்பல்களில் இரவும் பகலும் வானொலியைக் கேட்க ஆள் வேண்டும் என்ற விதி வந்தது.

ராஜீவின் வாழ்க்கை 1980-இல் திசை மாறியது. அந்த ஆண்டு ஜூன் 23 அன்று தம்பி சஞ்சய் விமான விபத்தில் இறந்தார். அம்மாவுக்குத் துணையாக ராஜீவ் அரசியலுக்கு வந்தார். 1981-இல் அமேதி தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி கொல்லப்பட்டதும் பிரதமரானார். அப்போது அவருக்கு வயது 40. நம் நாட்டில் மிகக் குறைந்த வயதில் பிரதமரானவர் அவர்தான். ஓட்டுப் போடும் வயது 21-இலிருந்து 18 ஆகக் குறைந்தது அவர் ஆட்சியில், 1989-இல்தான்.

பிரதமரான பிறகும் ஹாம் உலகில் அவர் வி.யு.2.ஆர்.ஜி. மட்டும்தான். அங்கே மாண்புமிகு கிடையாது. ஆண் ஹாம்கள் வயது வித்தியாசமின்றி ஒருவரை ஒருவர் 'ஓல்டு மேன்' என்று செல்லமாக அழைத்துக்கொள்வார்கள். பள்ளி மாணவன் முதலில் பிடித்த அலைவரிசை என்றால், நாட்டின் தலைவரே வந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். இன்னொரு வேடிக்கை தெரியுமா? ஹாம் வானொலியில் வியாபாரம் பேசக் கூடாது. அரசியலும் மதமும் பேசுவது நாகரிகம் இல்லை. நாடு முழுவதும் மேடையில் அரசியல் பேசிய ஒருவர், ஹாமாக வந்தால் வானிலை, கருவி, ஊர் நலம் என்றுதான் பேச வேண்டும்!

1989 டிசம்பர் 2 வரை அவர் பிரதமராக இருந்தார். 1991 மே 21 அன்று, தேர்தல் பிரசாரத்துக்காக நம் தமிழகத்தின் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தபோது, குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு 46 வயது. ஒரு ஹாம் இறந்தால், அவரை 'சைலண்ட் கீ' என்பார்கள். மோர்ஸ் அடித்த விசை மௌனமாகிவிட்டது என்று அர்த்தம். வி.யு.2.ஆர்.ஜி.யும் மௌனமானது.

அவர் மறைந்து 13 ஆண்டுகளுக்குப் பின், 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைத் தாக்கியது. தொலைபேசிகள் செயலிழந்தன. அப்போது போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட தலைநகரில், பாரதி பிரசாத் என்ற பெண் ஹாம் தன் குழுவோடு தங்கியிருந்தார். உடனே அவருடைய சிற்றலைப் பெட்டி அவசர நிலையமாக மாறியது. பாதிக்கப்பட்டவர்களின் செய்திகள் வெளியே போயின. உலகின் மற்ற ஹாம்கள் அந்த அலைவரிசையில் குறுக்கே பேசாமல், கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பதும் அத்தகைய நேரத்தில் ஓர் உதவிதானே!

இன்று 12 வயது நிறைந்தவர்கள் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் ஹாம் தேர்வை எழுதலாம். உங்களில் சிலருக்கு இப்போதே தகுதி வந்துவிட்டது! மற்றவர்கள் அதுவரை முதல் விதியைப் பழகலாம். அதற்குப் பெட்டியும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். வீட்டிலும் வகுப்பிலும் அடுத்தவர் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, பிறகு பேசிப் பாருங்கள். செய்வீர்கள்தானே, குட்டீஸ்?