2 மணிக்கு எழுப்பிய அப்பா

அண்ணல் அம்பேத்கரின் படிப்பைப் பேசும் நாம், படிக்க வைத்த தந்தை ராம்ஜி சக்பாலை மறந்துவிடுகிறோம்.

பீமராவ் சிறுவனாக இருந்தபோதே தாய் பீமாபாய் இறந்தார். அத்தை மீராபாய் வளர்த்தார். பள்ளியில் அவன் தனியே கோணிச் சாக்கில்தான் உட்கார வேண்டும். ராணுவப் பள்ளி ஆசிரியராக இருந்த ராம்ஜி, வீட்டில் தானே பாடம் சொல்லிக் கொடுத்தார்.

பம்பாய் பரேலில் ஒற்றை அறை வீடு. மகனை முதலில் தூங்க வைத்து, தான் விழித்திருந்து, இரவு 2 மணிக்கு எழுப்பிப் படிக்க உட்கார வைத்த பிறகே படுப்பார். புத்தகம் வாங்க, கட்டிக்கொடுத்த மகள்களின் நகையைக் கேட்டு வாங்கி அடகு வைத்தார்.

1907இல் மகன் மெட்ரிகுலேஷன் தேறினார். 1913 பிப்ரவரியில் ராம்ஜி இறந்தார். அதே ஆண்டு மகன் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

மடுகரையில் கூலி வேலை முடித்து அலுத்து வரும் பெற்றோரே, ராம்ஜியிடமும் பணம் இல்லை. இன்றிரவு பிள்ளையின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள்.