கரிசல் நிலத்தில் ஒரு கூடாரப் பணி: தாமஸ் கஜேட்டன் ரேக்லண்ட் (1815–1858)

திருநெல்வேலித் திருச்சபை வரலாற்றை ஆராய்ந்தோர் மெஞ்ஞானபுரம், நாசரேத், இடையன்குடி எனத் தென்பகுதியையே பெரிதும் விரித்துரைத்துள்ளனர். தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர் ஆகிய ஊர்கள் அமைந்த வடபகுதி, அவ்வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பளவே இடம்பெற்றுள்ளது. அப்பகுதியில் பணியாற்றி மறைந்த ஆங்கிலிக்கன் குருவானவர் ரேக்லண்டின் வாழ்வை இக்கட்டுரை மீள்பார்வைக்கு உட்படுத்துகிறது.

ஜிப்ரால்டரில் 1815இல் பிறந்த ரேக்லண்ட், இளமையிலேயே பெற்றோரை இழந்து லிவர்பூலில் வளர்ந்தார். அங்கு உறவினரின் வணிக அலுவலகத்தில் சில ஆண்டுகள் கணக்கெழுதினார். பின்னரே கேம்பிரிட்ஜ் சென்று, 1841ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் நான்காமிடம் பெற்று, கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினரானார். திருச்சபை ஊழியச் சங்கத்தின்வழி 1846இல் சென்னை வந்த அவரைச் சங்கம் செயலர் பொறுப்பில் அமர்த்தியது. பழைய கணக்கருக்கு அது பொருந்திய பணியே. எனினும் அலுவல் நிமித்தம் திருநெல்வேலிச் சீமையைச் சுற்றிப் பார்த்தபோது, தெற்கே சபைகள் பெருகியிருக்க, வடக்கே ஊர் ஊராகப் போதிப்பார் இன்மையை அவர் கண்டார். அதுவே அவரது வாழ்வின் திசையை மாற்றியது.

டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் ஆகிய இருவரையும் துணைக்கொண்டு 1854இல் அவர் தொடங்கிய பணி, அக்கால மிஷன் வழக்கிலிருந்து வேறுபட்டது. தெற்கே ஒரு மிஷன் நிலையம் எனில் பங்களா, பள்ளி, ஆலயம் மூன்றும் உண்டு. வடக்கேயோ கூடாரமே இல்லம். ஓரிடத்துப் பணி முடிந்ததும் கூடாரம் பெயர்ந்து அடுத்த ஊருக்குச் செல்லும். பட்டாசும் தீப்பெட்டியும் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முற்பட்ட காலம் அது. பருத்தியும் கம்பும் விளையும் வானம் பார்த்த கரிசல் பூமி; தமிழோடு தெலுங்கும் வழங்கும் ஊர்கள்; வணிகத்தால் எழுச்சி பெற்றுவந்த சிவகாசி நாடார் சமூகம். இத்தகைய நிலப்பரப்பில் கோடை வெயிலையும் பொருட்படுத்தாது அலைவது, நுரையீரல் நலிவுற்றிருந்த ஒருவருக்கு எளிதன்று.

அவரது வாழ்க்கை வரலாற்றை 1861இல் பெரோனும், 1922இல் டோனாவூர் ஏமி கார்மைக்கேலும் எழுதினர். இருவரும் அவரைத் தன்னை ஒறுத்த தனித்துறவியாகவே முன்னிறுத்துகின்றனர். இச்சித்திரம் பிழையன்று, ஆயினும் குறையுடையது. அவரது திட்டத்தின் அச்சாணி தமிழ் உபதேசியார்களே. தென்திருநெல்வேலிச் சபைகள் தம் உபதேசியார்களை முறைவைத்து, மாதந்தோறும், தம் செலவிலேயே வடக்கே அனுப்பின. அயல்நாட்டுப் பணத்தால் நடந்த மிஷன், உள்ளூர்ச் சபை தன் அண்டைப் பகுதிக்கு ஆளும் பொருளும் அனுப்பும் மிஷனாக உருமாறிய தொடக்கக் கட்டங்களுள் இது ஒன்று. ஆங்கில வரலாறுகளில் அவ்வுபதேசியார்களுள் பலர் பெயரின்றியே கடந்து செல்கின்றனர். ரேக்லண்டின் புகழுக்கு இதனால் இழுக்கில்லை. நம் ஆய்வுக்கே இழுக்கு.

1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் இரத்தக் குழாய் வெடித்து, சிறிது நேரத்திலேயே ரேக்லண்ட் உயிர் நீத்தார். அகவை 43. வடபகுதிப் பணியில் அவர் கழித்தது ஐந்தாண்டுகூட நிறையவில்லை; கண்ட மதமாற்றங்களும் மிகச் சிலவே. அவரை அடக்கம் செய்ததும் சிவகாசியிலேயே. கூடாரப் பணியை ஃபென்னும் மெடோஸும் தொடர்ந்தனர். தெற்கிலிருந்து உபதேசியார்களும் முறைப்படி வந்துகொண்டிருந்தனர்.