பைரனின் கிரிக்கெட் ஆட்டம்

1788ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்த கவிஞர் பைரன் பிரபுவுக்கு வலக்கால் பிறவியிலேயே வளைந்திருந்தது. இளமையில் செய்த மருத்துவம் துன்பத்தையே தந்தது. தனியே தைத்த காலணிகள் தேவைப்பட்டன. காலுக்கேற்ற காலணியின் அருமையை ஆம்பூர் மண் நன்கறியும்.

ஆயினும், 1805 ஆகஸ்டில் இலார்ட்ஸ் திடலில், ஈட்டன் பள்ளியை எதிர்த்து ஹாரோ பள்ளிக்காகப் பதினேழு வயதுப் பைரன் மட்டை பிடித்தார். அவருக்காக மற்றொரு மாணவர் ஓடினார். ஹாரோ தோற்றது. ஆட்டப் பதிவேடு அவருக்கு 7, 2 ஓட்டங்களையே தருகிறது. நண்பருக்கு எழுதிய மடலிலோ அவர் 11, 7 என்று கூட்டிக்கொண்டார். ஏளனத்தால் புண்பட்ட இளநெஞ்சின் மிகை அது.

கிரேக்க விடுதலைப் போருக்குத் துணைநின்ற அவர், 1824இல் மிசோலோங்கியில் 36ஆம் வயதில் மறைந்தார். ஓட இயலாத அக்கால், எங்கும் ஒதுங்கி நிற்க ஒப்பவில்லை.